மூன்று பள்ளிகள், ஒரு மாலை

போன வாரம் தீப்பெட்டி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன இடத்தில் நிறுத்தியிருந்தேன். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக, அவள் ஏன் எழுந்து போனாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தீப்பெட்டி என் தங்கை. ஆள் சின்னது, உரசினால் போதும் என்று அப்பா வைத்த பெயர். பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மேலே இயற்பியல் படிக்க வேண்டும், அதை ஒழுங்காகச் சொல்லித்தருகிற பள்ளியில் படிக்க வேண்டும், ஊர்ப் பள்ளிக்கு இனிப் போகமாட்டேன் என்றாள். "அதெல்லாம் பெரிய பேச்சு" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் சண்டை.

அம்மா கல்நெஞ்சக்காரி இல்லை. எங்கள் வீட்டு மாலை நேரம் அப்படி.

அப்பா மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவர். மழை நாளில் ஏணி சரிந்து விழுந்ததில் இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து, வாக்கர் பிடித்து மெல்ல நடக்கலாம் என்று டாக்டர் அனுப்பிவைத்தார். முதல் நாளே அப்பா வாக்கரோடு சேர்ந்து விழுந்தார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொட்டதில்லை. கட்டிலோரத்தில் அது துண்டு காயப்போடுகிற கொடியாக நிற்கிறது. அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்க, புரட்டிப் படுக்கவைக்க, பாத்திரம் வைத்து எடுக்க எப்போதும் ஓர் ஆள் வேண்டும்.

அம்மாவுக்கு முட்டை தரம் பிரிக்கிற கொட்டகையில் பிற்பகல் முறை. வேன் தெருமுனைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். தீப்பெட்டி பள்ளி விட்டு வருகிற நேரமும் அதுதான். தெருமுனையிலேயே சாவி கைமாறும். நான் விதைக்கடையில் பில் போடுகிறேன். கடை சாத்தியதும் நேராக மாலை வகுப்புக்குப் போய்விடுவேன். அதனால் மாலையில் அப்பாவுக்குத் தீப்பெட்டி மட்டும்தான்.

அவள் தூரத்துப் பள்ளிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அப்போது நான் கடையில் காலை முறைக்கு மாறி, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மாலை வகுப்பை விட வேண்டும்.

இந்த வகுப்பில் நான் படிப்பது இயற்பியலும் கணக்கும். ஊர்ப் பள்ளியில் எனக்கு அதை நடத்தியவர் புவியியல் ஆசிரியர். பாவம், அவருக்கு வராததை அவர் எப்படித் தருவார்? பரீட்சையில் போனது. போனதை இப்போது மாலை மாலையாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சண்டை அடங்கிய பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"தராசு, இங்க வா."

இது எனக்கு வைத்த பெயர். சோப்பு வாங்கப் போனால் இரண்டு சோப்பையும் மாறி மாறி மோந்து பார்த்துவிட்டு வாங்காமலே வருகிறவள் நான்.

"சனிக்கிழமை எல்லா அரசு ஸ்கூலும் தொறந்து வச்சிருப்பாங்களாம். யார் வேணா போய்ப் பாக்கலாமாம். நீ இவளைக் கூட்டிட்டுப் போ. கால்வாய்க் கரை ஸ்கூலு, ரயிலடி ஸ்கூலு, ரெண்டையும் பாரு. ஊர் ஸ்கூலு உனக்குத் தெரிஞ்சதுதான். எதுன்னு நீ சொல்லு. நீ சொன்னா நான் கேக்குறேன்."

"நானா?"

"உன்ன விட்டா எடை போட யாரு இருக்கா?"

எடை போடுகிறவள் தானும் ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை அப்பா யோசித்தாரா, தெரியவில்லை. யோசித்துத்தான் என்னிடம் விட்டாரோ என்றும் பிறகு தோன்றியது. நானும் சரி என்றுவிட்டேன்.

*

சனிக்கிழமை காலை பஸ்ஸில் தீப்பெட்டி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். கட்டடம், கழிவறை, நூலகம், ஆய்வகம், பஸ் என்று வரிசையாக.

அவள் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது, மாப்பிள்ளை பாக்கப் போறியா?"

"ஒப்பிட்டுப் பாக்கணும்ல."

"கட்டடம்னு முதல்ல போட்டிருக்க. கட்டடமா பாடம் நடத்தப் போகுது?"

தாளைப் பிடுங்கி விசிறிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். கேட்டால் தரமாட்டாள். நானும் யோசித்தேன். எல்லாவற்றையும் அளக்கப் போய் கடைசியில் சோப்பு கதைதான் ஆகும். ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொண்டு அதையே எல்லா இடத்திலும் கேட்பது என்று முடிவு செய்தேன். பாடம் முடிந்த பிறகும் ஒரு பிள்ளைக்குப் புரியவில்லை என்றால், யாரிடம் போய்க் கேட்கலாம்?

ஊர்ப் பள்ளியில் இதற்குப் பதில் எனக்குத் தெரியும். யாரும் இல்லை.

முதலில் கால்வாய்க் கரைப் பள்ளி. புதுக் கட்டடம். வாசலில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டு, திரையில் படம் காட்டினார்கள். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் எங்களை அழைத்துப் போய் ஒவ்வொரு அறையாகக் காட்டினார். கழிவறையில் தண்ணீர் வந்தது. கண்ணாடிகூட இருந்தது. பஸ் பள்ளி வாசலிலேயே நின்றது. அந்த பஸ்ஸில் வந்தால், அம்மா வேன் ஏறிய சற்று நேரத்துக்கெல்லாம் தீப்பெட்டி வீட்டில் இருப்பாள்.

அந்த இடத்தில் என் நெஞ்சு லேசாகிப்போனது. தீப்பெட்டிக்கும் புதுப் பள்ளி, எனக்கும் மாலை வகுப்பு. இதுதான், இதுவே போதும் என்று உள்ளே ஒரு குரல் அவசரப்பட்டது.

ஆய்வகம் மாடியில் இருந்தது. மேசைகள் பளபளத்தன. கருவிகள் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள், வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தன.

தீப்பெட்டி என் காதருகே வந்தாள். "அக்கா, இது லேபா, ஷோரூமா?"

"சும்மா இரு."

"உறையே பிரிக்கல பாரு. கல்யாணத்துக்கு வந்த பரிசு மாதிரி வச்சிருக்காங்க."

கழுத்துப்பட்டைக்காரருக்குக் கேட்டிருக்க வேண்டும். "பிள்ளைங்க தொட்டா வீணாப் போயிடும் இல்லையா? ஸ்க்ரீன்ல தெளிவாக் காட்டிடுறோம்" என்றார்.

நான் என் கேள்வியைக் கேட்டேன். பாடம் முடிந்த பிறகும் புரியாத பிள்ளை யாரிடம் கேட்கும்?

அவர் சிரித்தார். அன்பான சிரிப்புதான். "எங்க ஸ்கூல்ல அந்த மாதிரிப் பிள்ளைங்க கெடையாதும்மா."

தீப்பெட்டி எனக்கு முன்னால் படியில் இறங்கினாள். வாசலுக்கு வந்ததும், "நான் அந்த மாதிரிப் பிள்ளைதானேக்கா?" என்றாள்.

"நானும்தான்" என்றேன்.

*

ரயிலடிப் பள்ளிக்கு இன்னொரு பஸ் மாற வேண்டியிருந்தது. அது வருவதற்குள் அப்பாவை அழைத்து, கால்வாய்ப் பள்ளி ஷோகேஸ் மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். தண்டவாளத்தை ஒட்டிய மதில். சுவரில் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. தண்ணீர்க் குழாயை ஒரு துணியால் கட்டி வைத்திருந்தார்கள், அப்படியும் சொட்டியது. கட்டம் போட்ட தாள் கையில் இருந்திருந்தால் இந்தப் பள்ளி முதல் வரியிலேயே தோற்றிருக்கும்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது தலைமை ஆசிரியை சில பெற்றோரிடம் பேசிக்கொண்டிருந்தார். "இந்த வருஷம் எங்க பிள்ளைங்க" என்று அவர் ஆரம்பித்ததும் ரயில் வந்தது. அவர் நிறுத்தினார். மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தவர்களும் நிறுத்தினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. கடைசிப் பெட்டி போனதும் அவர், "நல்லாப் பண்ணியிருக்காங்க" என்று வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து முடித்தார். தீப்பெட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

இங்கே ஆய்வக மேசை முழுக்கச் சூட்டுத் தழும்பு, அமிலக் கறை, எந்தக் காலத்திலோ கீறிய பெயர்கள். இயற்பியல் டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு மின்சுற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தீப்பெட்டி பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்ததும், கையிலிருந்த கம்பிகளை அவளிடம் நீட்டினார்.

"படத்துல இருக்குற மாதிரி இணைச்சுக் காட்டு பாப்போம்."

தீப்பெட்டி இணைத்தாள். மீட்டரின் முள் அசையவில்லை.

"பேட்டரி போயிருச்சு டீச்சர்."

"பேட்டரி மேல பழி போடாத. நீ எங்கெல்லாம் கை வச்சியோ, அங்கெல்லாம் மறுபடி பாரு."

அவள் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு முனையாகப் பிரித்து மறுபடி இணைத்தாள். வீட்டில் அவளை இவ்வளவு நேரம் பேசாமல் நான் பார்த்ததே இல்லை. ஒரு முனையில் கம்பியின் மேலுறையைச் சரியாகச் சீவவில்லை. பல்லாலேயே கடித்துச் சீவினாள்.

"ஐயோ, பல்லு!" என்றார் டீச்சர்.

"எங்கப்பா இப்பிடித்தான் பண்ணுவாரு டீச்சர்."

முள் மெதுவாக நகர்ந்தது. தீப்பெட்டி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை எழுதிப் பார்த்தேன், இரண்டு முறை அடித்துவிட்டேன். விட்டுவிடுகிறேன்.

டீச்சரிடம் என் கேள்வியைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"என்கிட்ட கேக்கலாம். எனக்கு வீட்டுக்குப் போக கடைசி பஸ்தான். அதுவரைக்கும் இங்கயேதான் இருப்பேன். புரியாத பிள்ளைங்க எப்பவும் நாலஞ்சு பேர் இருப்பாங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து போட்டுப் பாப்போம். உண்மையச் சொன்னா, பாதிப் பாடம் அப்பத்தாம்மா நடக்குது."

கடைசி பஸ். எனக்கு அந்தச் சொல்தான் காதில் நின்றது. இந்தப் பள்ளியில் எது நல்லதோ, அது மாலையில் இருந்தது. அந்த மாலையில்தான் எங்கள் அப்பாவும் இருந்தார், என் வகுப்பும் இருந்தது.

அப்போது அலைபேசி அடித்தது. அப்பா.

"எப்படிம்மா இருக்கு ஸ்கூலு?"

இங்கே எங்கள் வீட்டுச் சொல் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பரவாயில்லை. எல்லார் வீட்டிலும் இருக்கிற சொல்தான். எங்கள் வீட்டில் அது கொஞ்சம் அதிகமாகவே உழைக்கிறது. புதுச் சட்டை எப்படி என்றால், பரவாயில்லை. இடுப்பு எப்படி என்றால், பரவாயில்லை. கொட்டகையில் முறை முடியும் வரை நின்று அம்மாவின் கால் வீங்கியிருந்தாலும் பரவாயில்லை. இழுத்துச் சொன்னால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நறுக்கென்று சொன்னால், விடு, பொறுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். முகத்தையும் குரலையும் பார்த்துத்தான் எது என்று பிரித்துக்கொள்வோம். இதுவரை யாரும் தவறாகப் பிரித்ததில்லை.

"பரவாயில்லப்பா" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, ரயில் வந்துவிட்டது. அறை முழுவதும் நின்றது. டீச்சர் வாயை மூடிக்கொண்டார். தீப்பெட்டியும் பழகிவிட்டவள் போல அப்படியே நின்றாள். நான் மட்டும் அலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். கடைசிப் பெட்டி போனபோது அப்பாவின் குரல் பாதியில் கேட்டது.

"...அப்ப சரி. நான் பாத்துக்கிறேன். நீங்க பாத்து வாங்க."

வைத்துவிட்டார்.

நான் திரும்ப அழைத்திருக்கலாம். இழுத்துச் சொன்னேனா, நறுக்கென்று சொன்னேனா என்று எனக்கே தெரியாதபோது, அவர் எதைக் கேட்டிருப்பார் என்று கவலைப்பட்டிருக்கலாம். கையில் அலைபேசி இருந்தது. பஸ்ஸுக்கு நேரமும் இருந்தது. பையில் போட்டுவிட்டேன்.

*

திரும்பி வரும்போது தீப்பெட்டி வாயை மூடவில்லை. பஸ்ஸிலேயே வீட்டுப்பாடம் முடித்துவிடுவாளாம். டீச்சருக்கு ஒரு பல் உடைந்திருக்கிறதாம், அவரும் கம்பியைக் கடித்திருப்பாராம். ரயில் வரும்போதெல்லாம் வாக்கியத்தை நிறுத்திப் பழகினால், வீட்டில் அம்மா திட்டும்போதும் உபயோகப்படுமாம்.

"அம்மா ரயில் மாதிரி கடைசிப் பெட்டியோட நிறுத்த மாட்டாங்களே" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எதையோ எண்ணிப் பார்க்கிறவள் போல ஜன்னலைப் பார்த்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. அம்மாவின் வேன், பஸ், அப்பா. சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அக்கா, உன் கிளாஸ்?"

"பரவாயில்லடி."

நறுக்கென்று வந்தது. அவளும் எங்கள் வீட்டுப் பெண்தானே, சரியாகவே பிரித்துக்கொண்டாள்.

*

தெருமுனையில் பெல் சார் எதிரே வந்தார். ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியர். மணி அடிக்க ஆள் போடாததால் அவரே அடித்து அடித்து அந்தப் பெயர் வந்தது. எனக்குப் புவியியலும், கூடவே இயற்பியலும் நடத்தியவர் அவர்தான்.

"வந்துட்டீங்களா? உங்கப்பாவைத்தான் பாத்துட்டு வரேன்" என்றார். தீப்பெட்டியின் தலையில் கை வைத்தார். "ரொம்பச் சந்தோஷம்டா. இனிமே கவலையில்ல. இந்த வருஷம் சயின்ஸ் கிளாஸை மூடிடுவாங்களோன்னு பயந்துட்டிருந்தேன். ஒரே ஒரு பிள்ளை கொறஞ்சுது. நீ சேந்ததால மத்தப் பிள்ளைங்களும் தப்பிச்சாங்க."

அவர் போய்விட்டார். தீப்பெட்டி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நான் எப்பக்கா சேந்தேன்?"

நான் வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தேன்.

வீட்டுக்குள் அம்மா வேலைக்குக் கிளம்பித் தயாராக இருந்தாள். முடி விழாமலிருக்கப் போடுகிற வலைத்தொப்பி தலையில், சாவி கையில். அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. ஒரு சுமையை இறக்கி வைத்தவர் போல.

"வந்துட்டாங்க மகாராணிங்க" என்றார். "சார் வந்திருந்தாரு. இவளை அங்கயே போடுறேன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை வந்து மத்ததைப் பேசுறேன்னு போயிருக்காரு."

"ஏம்ப்பா?" என்றேன்.

"என்ன ஏன்? கால்வாய் ஸ்கூலு ஷோகேஸ் மாதிரின்னு காலையில நீதான போன்ல சொன்ன? அந்த ரயிலடி ஸ்கூலைக் கேட்டேன், பரவாயில்லன்னுட்ட. உன் குரலை எனக்குத் தெரியாதா? சப்புன்னு சொன்ன. சுமாரான ஸ்கூலுக்கு எதுக்கு ரெண்டு பஸ் மாறணும்? சுமாரா ஒண்ணு நம்ம ஊர்லயே இருக்கே."

தீப்பெட்டி என்னைப் பார்த்தாள்.

அவள் எரிவாள் என்று காத்திருந்தேன். எரிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். தட்டைத் தள்ளலாம், கதவை அறையலாம், என் முடியைப் பிடிக்கலாம். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அப்பாவின் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிப் பார்த்தாள். காலியாக இருந்தது. நிரப்பப் போனாள்.

"தீப்பெட்டி, உனக்குச் சம்மதந்தானே?" என்றார் அப்பா.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

"பரவாயில்லப்பா."

நறுக்கென்று. அம்மா சொல்வது போலவே. கால் வீங்கிய அம்மாவின் குரல் அந்தச் சின்ன உடம்பிலிருந்து வந்தது. அம்மாவே அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

நான் கட்டிலருகே போனேன்.

"அப்பா, நான் சரியாச் சொல்லல."

"என்ன சொல்லல?"

"அந்த ஸ்கூலு... பரவாயில்லன்னு..."

"அதைத்தான் சொல்லிட்டியே."

"அது அந்தப் பரவாயில்ல இல்லப்பா."

அப்பா என்னையே பார்த்தார். கம்பத்தின் அடியில் நின்று, மேலே எந்தக் கம்பியில் கோளாறு என்று பார்க்கிற பார்வை அது.

"தராசு, இங்க பாரு. அந்த வார்த்தை இல்லாம சொல்லு."

சுலபமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தால் அதுதான் முதலில் வந்து நின்றது. விழுங்கினேன்.

"அது நல்ல ஸ்கூலுப்பா. சுவரு பேந்து கெடக்கு, குழாய் ஒழுகுது. ஆனா நல்ல ஸ்கூலு. இவ கையில ஒயரைக் குடுத்து, தப்பாப் பண்ண விட்டு, மறுபடி பண்ண வைக்கிறாங்க. புரியலன்னா கேக்கறதுக்கு ஆள் இருக்கு. நான் படிச்சப்ப இல்ல. இவ முள்ளை நகர வச்சாப்பா. உறையப் பல்லால கடிச்சுச் சீவினா, உங்கள மாதிரி."

அடுப்படியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

"போன்ல ஏன் அப்பிடிச் சொன்ன?"

"தெரியலப்பா. நீங்க தப்பா எடுத்துக்கட்டும்னு விட்டுட்டேன்னு நினைக்கிறேன்."

"ஏன்?"

அம்மா பேசினாள்.

"ஏன்னா? அவ கிளாஸ் போயிடும். வேற ஏன்? இத்தன பேர் சேந்து ஒரு பொண்ண எடை போடச் சொன்னா, அவ என்ன பண்ணுவா?" சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? எனக்கும் வேற வழி தெரியல."

தீப்பெட்டி செம்போடு வந்து வாசலில் நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு என்னை.

"சரி. உனக்கு அந்தக் கிளாஸ்? இதையும் அந்த வார்த்தை இல்லாம சொல்லு."

வகுப்புப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. விட்டுவிடுகிறேன் என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். தங்கை படிப்பாள், அக்கா பெரிய மனசுக்காரி என்று பெயர் எடுப்பாள், இன்னும் சில வருடம் கழித்து யாராவது கேட்டால் நறுக்கென்று ஒரு சொல் சொல்வாள். அம்மாவைப் போல. சற்று முன் தீப்பெட்டி சொன்னதைப் போல.

"வேணும்ப்பா" என்றேன்.

"எனக்கும் வேணும்" என்றாள் தீப்பெட்டி, உடனே, வாசலிலிருந்து. பிறகு சின்னக் குரலில், "ரெண்டு பேருக்குமே வேணும்ப்பா. நாங்க என்ன பண்றது?"

எங்கள் வீட்டில் வேணும் என்கிற சொல்லை யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. உப்பு வேண்டும், மருந்து வேண்டும் என்று சொல்வோம். இது வேறு. அதைச் சொன்ன பிறகு அறை இன்னும் சின்னதாகிவிட்டது போல இருந்தது. எல்லாரும் அதே இடத்தில்தான் நின்றோம். மாலை ஒன்றுதான் இருந்தது. திங்கட்கிழமை பெல் சார் வருவார். அப்பா கொடுத்த வார்த்தை ஒரு பக்கம், அந்த ஒரு பிள்ளை குறைந்தால் வகுப்பே இல்லாமல் போகிற மற்ற பிள்ளைகள் ஒரு பக்கம்.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது.

"நான் வரேன். வந்து பேசிக்கலாம்" என்று அம்மா செருப்பைத் தேடினாள்.

அப்பா மேலே மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றவில்லை. பிறகு தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"அந்தத் துண்டையெல்லாம் எடு."

"எந்தத் துண்டுப்பா?"

"அதுல காயுதே, அந்தத் துண்டு."

தீப்பெட்டிக்கு முதலில் புரிந்தது. செம்பைத் தரையில் வைத்துவிட்டு ஓடி வந்தாள். ஒவ்வொரு துண்டாக உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். அடியில் வாக்கர் இருந்தது. எத்தனை நாளாயிற்று அதன் முழு உருவத்தைப் பார்த்து! ஒரு காலின் ரப்பரில் அன்று விழுந்தபோது வந்த சிராய்ப்பு அப்படியே இருந்தது.

"வேண்டாம்" என்றாள் அம்மா. "சொல்றதக் கேளுங்க. இன்னைக்கு வேண்டாம். நான் வீட்டுல இருக்குறப்பப் பாத்துக்கலாம். மறுபடி விழுந்தா..."

"நீ வீட்டுல இருக்குறப்ப நடந்து என்ன பிரயோஜனம்? நீ இல்லாதப்பதான் நடக்கணும்."

"உங்களுக்கு வலிக்கும்."

அப்பா வாயைத் திறந்தார். எந்தச் சொல் வரப்போகிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"வலிக்கும்" என்றார் பிறகு. "ரொம்ப வலிக்கும்."

நான் வாக்கரை இழுத்து அவர் முன்னால் நிறுத்தினேன். தீப்பெட்டி இந்தப் பக்கம் வந்தாள், நான் அந்தப் பக்கம். அப்பாவின் கால்களை இறக்கித் தரையில் வைத்தோம். பாதம் தரையைத் தொட்டதும் அவர் பல்லைக் கடித்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். ஏணி பிடித்த கை. விரல் முட்டிகள் வெளுத்தன.

வேன் இரண்டாவது முறை ஹாரன் அடித்தது. நீளமாக. மூன்றாவது முறை அடிக்கமாட்டார்கள், போய்விடுவார்கள். அம்மா வாசல்படியில் ஒரு செருப்போடு நின்றாள். போகவும் இல்லை, வரவும் இல்லை.

"எதாவது சொல்லுங்கடி" என்றார் அப்பா.

நாங்கள் ஆளுக்கொரு பக்கம் அவர் தோளைத் தாங்கினோம். வாக்கரின் கால் சிமென்ட் தரையில் கொஞ்சம் வழுக்கி, நின்றது. அப்பா கட்டிலை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தும் இல்லை.